நாற்பது அடி ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்

மார்ச் 23, சனி
ஊர் சிரிக்கட்டும். சித்திரைப் புது வருஷ விளையாட்டுப் போட்டியில் பலகை வண்டி ஓட்டம் என்றால் ஒரு பலகை, சக்கரத்துக்கு நாலு பேரிங் சில்லு, தேயிலை ஃபெக்டரி இறக்கம், அவ்வளவுதான். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் துஷாந்த் அதிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். அதனால் என் மகள் சுலக்ஷனாவின் வண்டிக்குத் தலைக்கு மேல் இரும்பு வளையம், இடிதாங்க முன்னால் சைக்கிள் டயர், பழைய வேனின் சீட் பெல்ட். சிவப்புப் பெயின்ட் வேறு. ஸ்போர்ட்ஸ் கார்!
கமிட்டித் தலைவர் ஜீவராஜ் வந்து பார்த்து, "என்னண்ணே, ரேஸுக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார். ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதியும் தேறாத மூளை. அதற்குப் பதில் இப்போது பத்து வருகிறது.

ஏப்ரல் 7
பாரம் கூடவாம், சேர்க்க முடியாதாம். துஷாந்தின் கை முறிந்தபோது எங்கே போனது இந்தக் கமிட்டி? கத்தினேன். கொழுந்துத் தராசிலேயே நிறுத்துக் காட்டினேன். மற்ற வண்டிகளைவிட மூன்று கிலோதான் கூட. வாயை மூடிக்கொண்டு பெயரை எழுதினார்கள்.
மூடாதவள் என் மனைவி வினோதா: "புள்ள மேல ஒரு கீறல் விழட்டும், அப்புறம் அவ எந்த வண்டியிலயும் ஏற மாட்டா."

ஏப்ரல் 21, ஞாயிறு
நாற்பது அடி. நாற்பதே அடி! முன்சில்லு இறுகி, வண்டி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தலைகீழ். பெல்ட்டில் தொங்கிக்கொண்டே பிள்ளை சொல்கிறாள், "நான் நல்லா இருக்கேன்ப்பா, கத்தாதீங்க."
கத்தாம என்ன செய்றது? சில்லுக்குள்ள கல்லப் போட்டது யாரு? ஊர்ச்சனம் முன்னால் ஜீவராஜின் சட்டையைப் பிடித்தேன். பட்டன் தெறித்தது. "முருகன் சத்தியமா நான் இல்லண்ணே" என்றார். சத்தியமாம்!
பிள்ளைமேல் கீறல் இல்லை. ஒன்றுகூட.

ஏப்ரல் 22
அச்சு வளைந்துவிட்டது. வண்டி இனி ஓடாது.
சுலக்ஷனா சில்லைக் கழற்றினாள். உள்ளே கல் இல்லை. சிதைந்த எலுமிச்சம்பழம்.
திருஷ்டிக்கு என்று, யாரும் பார்க்காதபோது நாலு சில்லுக்கும் அடியில் வைத்தவன் நான். லொறி என்றால் நசுக்கிவிட்டுப் போகும். இந்தக் குட்டிச் சில்லோ ஒன்றை அச்சுக்குள் இழுத்துக்கொண்டது.
"அந்தப் பழத்துக்கும் ஒரு பெல்ட் போட்டிருக்கலாம்ப்பா" என்றாள்.

ஏப்ரல் 28
இன்றும் ஜீவராஜின் லயத்து வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்கு இன்னும் கோபமாம், ஊர் பேசுகிறது. யார் மேல்?

மே 5, ஞாயிறு
போனேன். "கல்லு இல்ல தம்பி. எலுமிச்சம்பழம். நான் வச்சது." அவர் சிரித்த சிரிப்பு கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.
வாசலில் அவர் மகள் பிரியந்தியின் பலகை வண்டி. தலைக்கு மேல் மூங்கில் வளைத்து, கயிற்றால் ஒரு பெல்ட்டும் கட்டியிருந்தார். முடிச்சு முழுக்கத் தப்பு. எனக்கு மறுபடி கோபம் வந்தது.
உட்கார்ந்து, அவிழ்த்துக் கட்டினேன்.