அண்ணியின் நோய்க்குச் சரியான பெயர்

அன்பு மாறாத என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் தெருவுக்கு முதல் டிவி வந்துவிட்டது. எனக்கும் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. பாண்டிச்சேரியில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது, எந்தத் தெரு, என்ன வயது என்று எழுதிவைக்கப் புதிதாக ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு அட்டை. எழுதுவது நான்.

போன மாதம் நகராட்சியின் இறப்புக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நம் நெல்லித்தோப்புக்கான பக்கத்தில் உங்கள் பெயர். காரணம், மஞ்சள் காமாலை.

நகராட்சியில் அப்படிச் சொன்னதே நான்தான், அண்ணி. மார்பில் கட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் மகள் மல்லிகாவைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயம். நீங்களும் அதற்குப் பயந்துதானே, புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மில்லுக்குப் போய்வந்தீர்கள்? கட்டி முற்றும் முன்பே என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லும்படி நான் நடந்துகொண்டேனா?

பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்டி ஆளாளுக்கு மறைச்சா, இந்த ஊர்ல இந்த நோயே இல்லன்னுதான் மேல இருக்குறவங்க நெனைப்பாங்க. அப்புறம் எப்படி வைத்தியத்துக்கு வசதி வரும்? டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு வாங்க."

ரிப்போர்ட் அண்ணனின் பெட்டியில் இருந்தது. கேட்டதும் கத்தினார். "செத்தவள எதுக்குக் கெளர்ற? ஊரு பேசும்."

"அட்டைய பூட்டிதான் வப்போம்ணே. யாருக்கும் காட்ட மாட்டோம்."

"பொண்ணு இருக்குற வூடு. போயிடு."

நான் எழுந்துவிட்டேன். உள்ளேயிருந்து மல்லிகா அந்தக் காகிதத்தோடு வந்தாள்.

"என் கல்யாணத்துக்காகத்தான அம்மா மறைச்சுது? அப்ப நான்தான்பா குடுக்கணும். எழுதிக்கோங்க அத்த."

அண்ணன் பிடுங்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீங்கள் போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மறுநாள் உங்கள் அட்டையை நானே எழுதினேன். நோய் என்ற இடத்தில், மார்பகப் புற்றுநோய்.

அதோடு முடியவில்லை. உங்களோடு மில்லில் வேலை பார்த்த தனம் போன வாரம் என்னைத் தேடி வந்தாள். மல்லிகா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாள். தனத்துக்கும் கட்டி. சின்னதுதான், ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. "பயமா இருக்குது கஸ்தூரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரும் திங்கட்கிழமை ஆபரேஷன். உங்களோடு ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வராத நான், அவள் கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பேன், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
கஸ்தூரி