கண்ணை மூடி உட்கார்ந்த ஜூன் மாதம்

3-6-2002, திங்கள்

வெயில். கத்திரி முடிந்தும் இறங்கவில்லை. டிப்போவில் டயர் செக்‌ஷன் வேலை. கழற்றி வருகிற டயர்களில் சாக்பீஸால் நம்பர் எழுத வேண்டும். பத்தொன்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவனுக்கு இப்போது சாக்பீஸ்.

விசாரணை 18ஆம் தேதி. அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்று மெமோ.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். போன மாதக் கடைசி, பெரியார் பஸ் ஸ்டாண்டு வாசல். ஓர் ஆட்டோ குறுக்கே நின்றது. ஹாரன் அடித்தேன். ஆட்டோக்காரன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். இறங்கினேன். அடுத்து ஞாபகம் இருப்பது அவன் புருவத்தில் ரத்தம். என் மோதிரம் கிழித்திருக்கிறது. நாலு தையல். இறங்கியதற்கும் ரத்தத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? எதுவுமே மனதில் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டாக்டரிடம் போனேன். பி.பி. 170/110. மாத்திரை. "மாத்திரை பாதி வேலைதான் செய்யும் ராஜேந்திரன். தியானம் மாதிரி ஏதாச்சும் பழகுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். போகிற எண்ணம் இல்லை.

மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தாயிற்று.

5-6, புதன்

காலையில் பரணிலிருந்து குடையை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் தரையில் செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சட்டென்று முழங்கையைத் தலைக்கு மேல் வைத்துக் குனிந்துவிட்டாள்.

என் கையில் குடை. அவள் கையில் கீரை. குடையை மெதுவாகக் கீழே இறக்கினேன். அவள் மறுபடி ஆய ஆரம்பித்தாள்.

நான் அவளை அடித்துப் பல மாதம் ஆகிறது. இப்படி எழுதும்போதே ஏதோ பெருமைபோல எழுதுகிறேன். சரியாக எழுதுகிறேன்: என் மனைவியை நான் அடித்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

டிப்போவில் நாள் முழுக்க டயர் நம்பர் தப்பு. இரண்டு தடவை அழித்து எழுதினேன்.

7-6, வெள்ளி

போய்விட்டேன். பழங்காநத்தத்தில், வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, மாவு மில் மாடி. காலை ஐந்தரை முதல் ஆறரை. பதினோரு பேர். வாசலில் செருப்பு வைக்கவே இடமில்லை.

சொல்லிக்கொடுப்பவர் தாடிக்காரராக இருப்பார் என்று நினைத்தேன். முப்பது வயதுகூட இருக்காது, ஒரு பெண். ஹேமா மேடம். பேங்க் கிளார்க்காம். வேலைக்குப் போகுமுன் இது. நடுவில் அவர் அம்மா எட்டிப்பார்த்து அவர்கள் வீட்டுப் பாஷையில், சௌராஷ்டிரத்தில், ஏதோ கேட்டார். மேடம் கண்ணைத் திறக்காமலே அதே பாஷையில் பதில் சொன்னார். பால் பற்றிய விஷயம் என்று நினைக்கிறேன்.

சொன்னது இவ்வளவுதான். முதுகை நேராக வை. மூச்சு மூக்கில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனி. மனசு எங்காவது போனால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வா.

எனக்கு வந்தவை: ஆட்டோ. முழங்கால் வலி. மகள் பிரியாவின் பிளஸ் டூ டியூஷன். மூக்கு அரிப்பு. மறுபடி ஆட்டோ. கீரை.

ஆறு மணிக்குக் கீழே மில் ஓட ஆரம்பித்தது. தரையே அதிர்ந்தது. "சத்தத்தை நிறுத்த முடியாது சார். அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்றார் மேடம். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு என்ன செய்வார்களோ.

12-6, புதன்

மிளகாய் இன்றைக்குத்தான். பதினோரு பேரும் தும்மினோம். மேடம் கீழே இறங்கிப் போய் மில்காரரிடம் சத்தம் போட்டது மாடிவரை கேட்டது. திரும்பி வந்து, "எனக்கும் கோபம் வருது பாருங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அந்த நிமிடம்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஐந்து நாளில் உருப்படியாக மூச்சைப் பார்த்தது மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். நேற்று தூங்கிக் குறட்டை விட்டேனாம். வீட்டிலும் பத்து நிமிடம் உட்காருகிறேன். பிரியா கிசுகிசுப்பாக அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"தெரியல. நீ பேசாம இரு. எந்திரிச்சாருன்னா வம்பு."

டிப்போவில் பாண்டி வந்து பார்த்தான். என் வண்டிக் கண்டக்டர், அன்றைக்கும் கூட இருந்தவன். "என்னண்ணே, சாமியாராப் போகப் போறீகளாமே?" என்றான்.

"அம்புட்டு லேசுல விட்டுருவாங்களா மாப்ள" என்றேன். பல நாள் கழித்துச் சிரித்தோம்.

15-6, சனி

லேசான தூறல். மண் நனையவில்லை.

மேடத்திடம் கேட்டேன்: "இது பழகிட்டா கோபமே வராதா மேடம்?"

"வரும் சார். வரயில எங்க வருதுன்னு பாருங்க."

"எங்கன்னா?"

"உடம்புல. நெஞ்சுலயா, வயித்துலயா, கையிலயா. கோபத்துக்கு ஒரு எடம் இருக்கும். அதைப் பாத்துட்டீங்கன்னா கொஞ்சம் டைம் கெடைக்கும்."

மத்தியானம் ஸ்டோர் கீப்பர் என்னை எல்லார் முன்னாலும் 'அடிதடி டிரைவர்' என்றான். பார்த்தேன். முதலில் காது. இரண்டு காதும் சூடாகிறது. அப்புறம் தோள் இறுகுகிறது. கடைசியில்தான் கை. காதிலிருந்து கைக்கு வர இரண்டு விநாடி ஆகும்போல. நாற்பத்தாறு வயதில் என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு விஷயம்.

அப்பாவை நினைத்தேன். கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை. வரப்பில் நின்று ஏசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லமாட்டார். வாங்கியதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள்மேல் இறக்குவார். நான் பஸ் ஸ்டாண்டில் வாங்குவதைக் கொண்டுவருகிறேன். ஆனால் இதைக் காரணமாகச் சொல்லக்கூடாது. அண்ணனும் அதே வீட்டில் வளர்ந்தவன்தான். அவன் யாரையும் அடிப்பதில்லை.

18-6, செவ்வாய்

விசாரணை.

போன வாரமே யூனியன்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டார்: "அவன்தான் மொத கையை ஓங்குனான்னு சொல்லிருங்க. பாண்டி சாட்சி சொல்லுவான்." நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

உள்ளே மேனேஜர், இரண்டு அதிகாரிகள். எதிரில் ஆட்டோக்காரர். பெயர் முத்துக்குமார். புருவத்தில் தழும்பு, முடி முளைக்காத கோடு. "யார் முதல்ல அடிச்சது?" என்று கேட்டார்கள்.

காது சூடானது. அதைப் பார்த்தேன். பொய் வாயில் தயாராக இருந்தது, அதையும் பார்த்தேன்.

"நான்தான் சார். அவரு கையைத் தூக்கவே இல்ல."

யூனியன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பாண்டிக்குக் கோபம். "நான் சொல்லத் தயாரா வந்தேன்லண்ணே. வேலை போச்சுன்னா என்ன செய்வீக?"

முத்துக்குமார் டீக்கடையில் நின்றார். போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, அன்னைக்கு உங்களையப் பாத்து நான் சிரிக்கல. பின் சீட்டுல ஒரு சின்னப் புள்ள இருந்துச்சு. உங்க ஹாரனைக் கேட்டு 'மாடு கத்துது'ன்னுச்சு. அதுக்குச் சிரிச்சேன். அம்புட்டுதான்."



22-6, சனி

ஆர்டர் வந்தது. வேலை இருக்கிறது. இன்கிரிமென்ட் ஒன்று நிறுத்தம், எழுத்தில் எச்சரிக்கை. திங்கள் முதல் வண்டி. செல்வியிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. விசாரணையில் உண்மையைச் சொன்னதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். பாராட்டை எதிர்பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சொல்லவில்லை.

24-6, திங்கள்

ஸ்டியரிங். உள்ளங்கைக்கு என்ன ஒரு சந்தோஷம்.

காளவாசலில் பைக்கில் வந்த ஒருவன் இடது பக்கம் நுழைந்து, நான் பிரேக் போட்டதற்கு என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். வண்டியை ஓர் உதை வேறு. காது. தோள். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. மூன்று மூச்சு. பின்னால் ஒரே ஹாரன். கியர் போட்டு எடுத்தேன். டீ குடிக்கிற இடத்தில் பாண்டி என்னையே பார்த்தான். "என்னடா" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்கு நான் ஒரு தடவைகூட நடு ரோட்டுல எறங்கல" என்றான். தினமும் என்னை இழுக்க இறங்கியிருக்கிறான். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பாண்டிகள் இறங்கினார்களோ.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் ஆறு மணி. பிரியா டி.வி. சத்தமாக வைத்திருந்தாள். குறை என்றேன். கேட்கவில்லையோ என்னவோ. கையிலிருந்த டம்ளரை விட்டெறிந்தேன். சுவரில் பட்டு உருண்டது. செல்வி ஓடிவந்து பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டாள். காதைப் பார்க்கவே இல்லை. காது, மூச்சு எல்லாம் ரோட்டோடு போய்விட்டது.

25-6, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் சொன்னேன். டம்ளர், ஆட்டோ, அடித்தது, எல்லாம். அவர் ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இங்க கண்ணை மூடி உக்காருறது வேற ஒண்ணுக்குமில்ல சார். புடிக்காததைக் கேக்கயிலயும் எந்திரிச்சு ஓடாம இருக்கப் பழகுறதுதான். இதையெல்லாம் என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவங்ககிட்டப் பேசுனீங்களா? அவங்க பேசி நீங்க கேட்டீங்களா?"

இல்லை.

"பேங்க்குக்கு நேரமாச்சு" என்று ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கோபம்தான் வந்தது. வீடு வருமுன் போய்விட்டது.

27-6, வியாழன்

பிரியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேணாம்ப்பா. நீங்க வண்டி முடிஞ்சு வரயில, கேட் சத்தம் கேட்டதும் நானும் அம்மாவும் பேச்சை நிப்பாட்டிருவோம். அது இல்லாம இருந்தாப் போதும்."

பதினேழு வயது. எனக்கு இது தெரியவே தெரியாது.

28-6, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கீழக்குயில்குடியில், சமணர் மலையில். குடும்பத்தோடு வரலாமாம். செல்வியிடம் வர்றியா என்று கேட்டேன், வரவேண்டாம் என்றாலும் பரவாயில்லை என்று சேர்த்துச் சொல்லி. ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். "வாரேன். ஆனா கண்ணையெல்லாம் மூட மாட்டேன்" என்றாள்.

பி.பி. பார்த்தேன். 140/90.

30-6, ஞாயிறு

மேகமூட்டம். நல்ல காற்று. பிரியா சித்தி வீட்டில். நாங்கள் இரண்டு பேர் மட்டும், டவுன் பஸ்ஸில். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து வருவதே புதிதாக இருந்தது.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். கல் படுக்கைகளுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். எந்தக் காலத்திலோ யாரோ இந்தக் கல்லில் படுத்து, முதுகு வலித்து, எழுந்து மறுபடி உட்கார்ந்திருப்பார்கள். செல்வி மேலே வரவில்லை. கீழே தாமரைக் குளத்துப் பக்கம் ஆலமரத்தடியில் இருந்தாள்.

முடிந்ததும் மற்றவர்கள் பைக், ஸ்கூட்டி என்று கிளம்பிவிட்டார்கள். நாங்கள் பஸ்ஸுக்காக மரத்தடியில்.

அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேப்பேன். கத்தக் கூடாது."

"கத்தல."

"பிரியா வயித்துல இருந்தப்ப, சட்டையில குழம்பு சிந்துச்சுன்னு அடிச்சீகளே. ஞாபகம் இருக்கா?"

எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "இல்ல" என்றேன்.

"எனக்கு இருக்கு. மஞ்சச் சட்டை."

காது சூடாகிவிட்டது. டூட்டி, டிராபிக், அப்பா, எல்லாம் வாய்க்கு வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. மூச்சு போனது, வந்தது. அவள் குளத்தைப் பார்த்தபடியே பேசினாள். அழவில்லை. என் தங்கை கல்யாணத்தில், மண்டபத்துச் சமையல்கட்டில். அவள் அண்ணன் வந்திருந்தபோது, அவர் முன்னாலேயே. காய்ச்சலாகக் கிடந்த ஒரு நாள். தேதி, கிழமை, கட்டியிருந்த சேலையோடு சொன்னாள். சிலது எனக்கு ஞாபகம் இருந்தது. பலது இல்லை. எழுந்து போய்விட வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை.

பஸ் வந்தது. தெரிந்த கண்டக்டர். "அண்ணே, என்ன இந்தப் பக்கம்? ஏறுங்க ஏறுங்க, அடுத்த வண்டி ஒண்ணரைக்குத்தான்."

செல்வி பேச்சை நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. விடுங்க. பஸ்ஸு நிக்குது."

வீட்டுக்குப் போனால் சொல்லமாட்டாள். கண்டக்டரிடம் போகச்சொல்லிக் கையை ஆட்டினேன். விசில் அடித்தான். பஸ் திரும்பி, புழுதி அடங்குகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு. சொல்லு" என்றேன்.

உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.