எவ்வளவு மிச்சம்?

தை 9, ஞாயிறு

மகள் டொராண்டோவிலிருந்து வீடியோவில் நடத்தும், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக நாங்கள் ஆடும் கதை விளையாட்டைப் பார்த்து என் மனைவி சரோஜா ஒருமுறை கேட்டாள்: "ஏங்க, நாப்பது உயிர்ப்புள்ளியில ஒண்ணுதான் மிச்சம். இந்த வீரன் எப்படிங்க முழு பலத்தோட வெட்டுறான்?"

"புள்ளின்னா ரத்தம் இல்ல சரோ, தாக்குப்பிடிக்கிற தெம்பு. நடவு நடுறவங்க கடைசி நாத்து வரைக்கும் ஒரே வேகந்தான். வரப்புல உக்காந்தாத்தான் எந்திரிக்க முடியாது."

"என்னைய மாதிரின்னு சொல்லுங்க." இருவரும் சிரித்தோம்.

இன்று பத்துப் பேருக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் பல மாதமாகவே பலவீனம் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன். உள்ளே அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

விளையாட்டில் நான் வைத்தியன். கதையில் ஒவ்வொரு கதவையும் திறக்குமுன் கூட ஆடுகிற எல்லோரிடமும் "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்பேன். வீட்டில் கேட்டதில்லை.

அவள் கண் திறந்ததும் கேள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றால், மறுபடியும் கேள்.