ராகு காலத்தில் மட்டும் எழுந்த கம்ப்யூட்டர்

மோட்டார் ரூம் சாவியை எங்கே வைத்தீர்கள் என்று கூடச் சொல்லாமல் கிளம்பிப் போன என் மாமாவுக்கு, அம்மிணி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

கம்ப்யூட்டர்ப் பொட்டி இன்றைக்கும் முதல் அழுத்தலிலேயே எழுந்துவிட்டது மாமா. ஊர் நல்லது கெட்டதெல்லாம் அப்புறம், இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் "எந்திரிச்சிருச்சா சாமி?" என்று கேட்ட பிறகுதான் பல்லே விளக்கியிருப்பீர்கள்.

மாமனாருக்கு மருமகள் கடுதாசி எழுதுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. அதுவும் போய்ச் சேர்ந்த மாமனாருக்கு! அத்தை பார்த்தால், "செத்தவியளக் கூடச் சும்மா வுட மாட்டாளாட்டிருக்குது" என்பார். என்ன செய்ய? இந்தக் கதையை வேறு யாரிடம் சொன்னாலும் நடுவிலேயே சிரித்துவிடுகிறார்கள். கடைசி வரை கேட்க நீங்கள்தான் ஆள்.

உங்கள் மகன் அந்தக் கம்ப்யூட்டரைச் சூரமங்கலத்தில் பழையதாகப் பிடித்து, நம் லாரியிலேயே வைக்கோலுக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? லாரி வாடகைக்குப் பில் அடிக்க என்று அவர் சொன்னார். எனக்கு அது அவ்வளவு மட்டுமில்லை. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணமாகி வந்து, எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பச்சை எழுத்தைத் திரையில் பார்த்ததும் அழுதுவிட்டேன். கண்ணில் வைக்கோல் தூசி என்று உங்களிடம் சொன்னேன்.

மறுநாளே அது படுத்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கில்லை, சத்தமில்லை, பேச்சு மூச்சில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசர் மட்டும் டக், டக்கென்று அடித்துவிட்டு அடங்கும். "பல்லி சொல்லுது, தெக்க பாத்துச் சொல்லுது, ஆகாது" என்று அத்தை உள்ளே இருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். திடீரென்று ஒருநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்காரும். நாங்கள் வாயைப் பிளந்து நிற்போம்.

அப்போது நீங்கள் செய்த வைத்தியங்களை மறந்திருக்க மாட்டீர்கள். புது லாரிக்குச் செய்வது போல எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றீர்கள். கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேசையின் நாலு காலுக்கும் ஒவ்வொன்றாக வைத்து நசுக்கினீர்கள். வழுக்கி விழுந்தது நான்தான். அப்புறம், "ஓயாம ஓட்டுனா எஞ்சின் சூடேறிப் போயிரும், மாடுன்னாலும் அவுத்துக் கட்டோணுமல்லொ" என்று, தப்பித் தவறி ஓடிக்கொண்டிருக்கும்போதும் அணைக்கச் சொல்வீர்கள். அணைத்தால் மறுபடி எழாது. தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாமா என்று நீங்கள் கேட்டபோது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சேலத்திலிருந்து வந்த எஞ்சினியரை என்னவென்று சொல்வது! அவருக்கு வெள்ளிக்கிழமை காலை பஸ்தான் வசதி. வந்து இறங்கி, மோர் குடித்து, சுவிட்சைப் போடும்போது மணி பதினொன்று இருக்கும். மணி அடித்தது போல எழும். கரண்டை அளந்து பார்த்து, "லைன் நல்லாத்தான இருக்குது, உங்களுக்குப் போடத் தெரியல" என்று என்னைப் பார்ப்பார். அவர் பஸ் ஏறியதும் அது படுத்துக்கொள்ளும். அடுத்த வெள்ளியும் அதே கூத்து. மூன்றாவது தடவை அவர் வரவில்லை. அவர் வந்ததெல்லாம் ராகு காலத்தில் என்று நமக்கு அப்போது உறைக்கவில்லை.

அத்தைக்கு அது வாய்ப்பாகப் போய்விட்டது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த எழவு? கட்டுத்தறியப் பாக்கச் சொல்லுங்க" என்று உங்கள் காதைத் தின்றார். நீங்களும் கடைசியில் சொல்லிவிட்டீர்கள், "தை பொறக்கறதுக்குள்ள இது ஒழுங்கா எந்திரிக்கோணுஞ் சாமி. இல்லீன்னா வந்த லாரியிலயே திரும்பிப் போயிரும்" என்று. நீங்கள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. ராசிபுரத்து ஜவ்வரிசி மில்காரர் நம் வீட்டுக்கு வரப்போவதாக உங்கள் மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொட்டி கண் முன்னால் ஓடினால் மில் லோடெல்லாம் நம் லாரிக்கு, மில் பில்லெல்லாம் அடிக்கும் வேலை என் கைக்கு. மறுநாள் வியாழக்கிழமை, காலண்டரில் நல்ல நேரம் பார்த்துத்தான் வருவாராம். நம் வீட்டில் நல்ல நேரம் பார்க்காமல் என்னைச் சுவிட்சைத் தொடவே அத்தை விடமாட்டார். நல்ல நேரத்தில் அது எழுவதே அபூர்வம்.

உச்சி வெயில். நீங்கள் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மேல் ராகு காலம். கெட்டால் கெடட்டும் என்று ஆத்திரத்தில் சுவிட்சைக் குத்தினேன். எழுந்துவிட்டது! ராகு காலம் முடிந்து பக்கத்துக் காட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது, பின்னாலேயே நீங்களும் எழுந்து போய் நம் மோட்டாரைப் போட்டீர்கள். டக், டக். பொட்டி என் கண் முன்னாலேயே செத்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது மாமா. நீங்களும் நல்ல நேரம் பார்த்துத்தான் மோட்டார் போடுவீர்கள். பக்கத்துக் காட்டில் விவசாயம் பார்க்கும் பங்காளியும் அப்படியே. ராகு காலத்தில் நிறுத்தி, ஊற்று ஊற விடுவீர்கள். நாமோ கரண்ட் லைனின் கடைசியில் இருக்கிறோம். ஒரே நல்ல நேரத்தில் மோட்டாரும் பொட்டியும் கரண்டுக்கு அடித்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? பல்லி சொல்லவில்லை, ஸ்டெபிலைசர்தான் "என்னால முடியாது சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஓடி வந்து சொன்னேன். "ராகு காலத்துலதானுங்க மாமா எந்திரிக்குது."

"அடக் கெரகமே! ராகு காலத்துல தொறக்கற கடைக்கு எவன் வருவான் அம்மிணி?"

விளக்கிச் சொன்னதும் நம் மோட்டாரை உடனே நிறுத்தினீர்கள். பொட்டி எழவில்லை. பங்காளியும் தன் மோட்டாரை நிறுத்திய பிறகுதான் எழுந்தது. ஆக அது எழும்போது இரண்டும் நிற்க வேண்டும், எழுந்த பிறகு ஒன்றைத் தாங்கிக்கொள்ளும். அங்கேதான் வந்தது வினை. வரப்பில் சாய்ந்த ஒரு தென்னை மரத்துக்காக நீங்களும் அவரும் பேசி வருசக் கணக்காகிறது. கல்யாணப் பந்தியில் அவர் இருக்கும் வரிசையில்கூட நீங்கள் உட்கார மாட்டீர்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"அவனூட்டு வாசலுக்கா? தலையே போனாலும் போவ மாட்டேன். பொட்டி போனாப் போச்சாது" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எருமைக்கு மட்டும் பருத்திக்கொட்டை ஆட்டிப் போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் உங்களைக் காணவில்லை. மில்காரர் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார். அத்தை சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, "ம், போடு, நல்ல நேரம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம், எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பல்லி பேசவில்லை. 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் பச்சை எழுத்து ஓடியது. மில்காரர் பேரை அடித்துக் காட்டினேன். தன் பேரைத் தானே தடவிப் பார்த்துவிட்டு, "பொங்கல் கழிச்சு நம்ம பில்லையெல்லாம் இங்கயே அனுப்பிச்சுடறனுங்க" என்றார்.

அவர் வண்டி கிளம்பியதும் காட்டுக்கு ஓடினேன். பங்காளி வீட்டு மோட்டார் ரூம் படியில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள், நீங்கள் கிழக்கே பார்த்து, அவர் மேற்கே பார்த்து. மோட்டாரிலிருந்து கழற்றிய பியூஸ் கட்டை ஆளுக்கொன்று மடியில். நடுவில் ஒரு வெற்றிலைப் பை, அவருடையது. உங்கள் வாய் சிவந்திருந்தது.

"அம்மிணி, மோட்டாரப் போடலாமான்னு அவனக் கேட்டுச் சொல்லு" என்றீர்கள். அவர் ஒரு முழத்தில் இருக்கிறார்!

உங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "உன்ற மாமன் வெடியறதுக்கு முன்னால வந்து வாசல்ல நின்னான் அம்மிணி. எங்கூட ஒரு வார்த்த பேசுல. எங்கூட்டு நாயிகிட்டப் பேசறான். 'உங்க எசமாங்கிட்டச் சொல்லிப் போடு, காலைல ஒரு மணி நேரம் மோட்டார நிறுத்தோணும். என்ற மருமவ படிச்ச படிப்பு, என்ற வறட்டு ரோசத்துல வீணாப் போவக் கூடாது'ங்கறான். நாயி என்ன பண்ணும், வால ஆட்டுச்சு. நானும் சரீன்னுட்டேன்."

நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டீர்கள். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கடைசி வரை உங்களைக் கேட்காமலே விட்டேன். கேட்டிருந்தால் எருமையிடம் பதில் சொல்லியிருப்பீர்களோ?

அப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். பார்க்காததை மட்டும் சொல்கிறேன். உங்கள் பாடையைத் தூக்கும்போது முன் கால் பிடித்தது அந்தப் பங்காளிதான். நான் அவரை இப்போது சின்ன மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அத்தை பொட்டிக்குத் தினமும் பொட்டு வைக்கிறார், கேட்டால் இல்லை என்பார். நம் மோட்டாரை உங்கள் மகன் போடுகிறார், நல்ல நேரம் பார்க்காமல், வைதுகொண்டே.

இன்னொன்று. போன மாதம் சேலத்திலிருந்து பெரிய ஸ்டெபிலைசர் வந்துவிட்டது. எத்தனை மோட்டார் ஓடினாலும் பொட்டி பாட்டுக்கு எழுகிறது. இனி யாரும் யாருக்காகவும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சின்ன மாமா இப்போதும் காலையில் மோட்டாரைப் போடாமல் வரப்பில் வந்து நிற்கிறார். "எந்திரிச்சிருச்சா அம்மிணி? நான் போடட்டுமா?" என்று நீங்கள் கேட்பது போலவே கேட்கிறார். எனக்கு வாயே வரவில்லை மாமா, ஸ்டெபிலைசர் வந்த சேதியைச் சொல்ல.

சொல்லவும் மாட்டேன். பொட்டி எப்போதோ எழுந்திருந்தாலும், தினமும் வாசலுக்கு வந்து, "எந்திரிச்சிருச்சுங்க, நீங்க போடுங்க" என்று இரண்டு காட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
எருமை, பொட்டி இரண்டையும் பார்த்துக்கொள்ளும்
உங்கள் வீட்டு அம்மிணி