முதுகுப் பக்கம் ஒரு கதவு

என்னங்க,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்கத்தான் செய்வேன். லீவு முடிந்து நீங்கள் ரயில் ஏறிய பிறகு எழுதிய கடிதங்களை எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தேன். இதற்கு மட்டும் வேறு ஆரம்பத்துக்கு நான் எங்கே போவேன்? அவற்றை நீங்கள் மட்டும் படித்தீர்கள். இதை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களையே ஊருக்குத் திறந்துவிட்டாகிவிட்டது, இனி நான் எதை மறைத்து என்ன?

ஆமாம், கதவு வைத்துவிட்டார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ரோட்டோரம் இருந்த கம்பிவேலியை அறுத்து, இரட்டைக் கதவு. காலையில் திறந்தால் இருட்டும் வரைக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் பார்க்காத இடம், அதனால் விவரமாகவே சொல்கிறேன். செராமிக் பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி நகராட்சி நிலத்தில் குத்தகைக்கு இருக்கிறது. போரில் போன நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நினைவுத்தூண் வேண்டுமென்று ஊரில் பேச்சு வந்தபோது, முதலாளி காம்பவுண்டு மூலையில் இடம் ஒதுக்கினார். பெயர்களைத் தன் சூளையிலேயே சுட்டுக் கொடுத்தார். வெள்ளைப் பீங்கானில் நீல எழுத்து, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் ஆபீஸ் நிழலில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே என்று தூணை ஆபீஸைப் பார்க்க நிறுத்திவிட்டார்கள். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ரோட்டில் போகிற சனத்துக்கு அன்றிலிருந்து உங்கள் வெறும் முதுகுதான்.

முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மெயின் கேட்டுக்குப் போய், பாஸ் வாங்கி, களிமண் குவியலையும் லாரிகளையும் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வாட்ச்மேன் வருகிறவர்களிடம், "ஆபீஸ்ல கேட்டு வெக்கிறேன், நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கு யார் வருகிறார்கள்? தினமும் வந்தது நான் ஒருத்திதான். எனக்கு இங்கேயே கிளேஸ் ஷெட்டில் வேலை. ஃபியூஸ் கட்டைகள் சூளைக்குப் போவதற்கு முன்னால், பளபளப்பு வருவதற்காக ஒரு பால் மாதிரியான கலவையில் முக்கி எடுப்போம். மதியம் மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, டிபன் டப்பாவோடு உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி நாம் சேர்ந்து சாப்பிட்டதைவிட அந்தத் தூணடியில் சாப்பிட்டதுதான் அதிகம். யாரும் வரமாட்டார்கள். வரவேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த நிம்மதியில் ஒரு நாள் மல்லாட்டை விழுந்தது.

தூணுக்குப் பின்னால், வேலிக்கு இந்தப் பக்கம், வாழை இலைத் துண்டில் அவித்த வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை. பக்கத்தில் ஒரு முழம் கனகாம்பரம். யாரோ தின்றுவிட்டுப் போட்டது என்று நினைத்தேன். ஆனால் தோல் உரிக்காமல் அப்படியே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். அணிலுக்குக் கொண்டாட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கனகாம்பரம் என்றால் பொம்பளைதானே? உங்களுக்கு மல்லாட்டை வைக்கிற பொம்பளை யார்? எனக்கு உடனே கருவேப்பிலங்குறிச்சி ஞாபகம் வந்தது. அங்கே இருக்கும் உங்கள் அத்தை மகள் சுமதி. உங்களுக்கென்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்த முறைப்பெண். நான் வந்ததால் தட்டிப்போன சம்பந்தம். அவளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் முன்பக்கம் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, முதுகுப் பக்கம் ஒருத்தி உங்களுக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்தால் எப்படி இருக்கும்? மல்லாட்டை உங்களுக்குப் பிடிக்கும் என்று என்னிடம் நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. அன்று உங்கள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"விஜயா, யாரோ ஒரு பொம்பள கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்குது. தூணப் பாக்க ரோட்டுப் பக்கமா வழி வேணுமாம். குத்தகையப் புதுப்பிக்கிற நேரத்துல இது வந்து நிக்குது. நகராட்சி கமிஷனர் பாக்க வராரு. நீ குடும்பத்து ஆளு. வழியெல்லாம் வேணாம், இப்படியே இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லிடு. தொறந்து வுட்டா ஆடு மாடு பூந்துடும்."

"சொல்றேன் சார்" என்றேன். அவருக்கு ஆடு மாடு கவலை. எனக்கு கனகாம்பரக் கவலை. மனு வரைக்கும் போய்விட்டாளா என்று நினைத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். அன்று கவனம் பிசகி இரண்டு தட்டு ஃபியூஸ் கட்டை வீணாய்ப் போனது.

கமிஷனர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். நான் பெட்டி போட்ட புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசினார்.

"இதுல உங்க வீட்டுக்காரர் பேரு எதும்மா?"

நான் விரலால் தொட்டுக் காட்டினேன். உங்கள் பெயரை நான் எங்கே சொல்லியிருக்கிறேன்? ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் சொல்லச் சொல்வேன். அவர் அதைக் குனிந்து படித்துக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்தப் பெயரை வாய் நிறையச் சொன்னது.

"கொளஞ்சி. டேய் கொளஞ்சி. சாப்புடுடா."

உங்கம்மா.

சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, கம்பி இடுக்கில் கையை விட்டு, இலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். உங்கள் சாவுச் சேதி வந்த மாசத்தில், "என் புள்ளைய முழுங்கிட்டு நிக்கிறா பாரு" என்று ஊர்க்கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சொன்ன அதே வாய்தான். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் உங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை, அவரும் என் அம்மா வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

வேறு யாராவது பொம்பளையாக இருந்திருக்கக் கூடாதா? சுமதியாகவே இருந்திருக்கலாம். சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். உங்கம்மாவிடம் நான் எதை வைத்து ஜெயிப்பது? நீங்கள் லீவில் வந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் என் கணக்கில் ஒரு வருஷம் தேறுமா? அவருக்கு நீங்கள் தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, மீசை முளைத்தது எல்லாம் இருக்கிறது.

கமிஷனர் வேலி ஓரம் போனார். "ஏம்மா, கேட்டு வழியா வரலாமே?"

"வந்தேன் சாமி. பாஸ் இருக்குதான்னு கேட்டாரு. பெத்தவளுக்கு யாரு சாமி பாஸு குடுப்பாங்க?" என்றார் உங்கம்மா. "அப்பறம் இங்கயே நின்னுட்டுப் போயிடுவேன். முதுகுதான் தெரியுது. ஸ்கூலுக்குப் போறப்பகூட தெருக்கோடில நின்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் போவான். அதான் மொகத்தப் பாக்கணும்னு மனு எழுதச் சொன்னேன்."

"உங்க மருமக உள்ளதான வேல பாக்குறாங்க. அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

உங்கம்மா என்னைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மத்தியானம் அது நேரம் சாமி. அது அவன்கூட உக்காந்து சாப்புடுது. நான் எதுக்கு நடுவுல? அதான் காலையிலயே வந்துட்டுப் போயிடுறது."

பார்த்திருக்கிறார். ரோட்டில் நின்று, நான் சாப்பிடுவதை என்றைக்கோ பார்த்திருக்கிறார். என் நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் புருஷனோடு நான் உட்கார இவர் யார் விட்டுக்கொடுக்க?

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கமிஷனர் என் பக்கம் திரும்பினார். மேனேஜர் கண்ணைக் காட்டினார். சொல்ல வேண்டியதை நான் ராத்திரி எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"வழி வுடுங்க சார்" என்றேன்.

நல்ல மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். மேனேஜர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது நல்ல மனசு இல்லை. முதுகுப் பக்கம் நின்று உங்களோடு ரகசியமாகப் பேசிவிட்டுப் போகிறார். எதிரில் வந்து பேசட்டும், எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

குத்தகையைப் புதுப்பிக்கும்போது வழிவிட வேண்டும் என்று நகராட்சி எழுதி வாங்கிக்கொண்டது. ரோடு மேடு, தூண் பள்ளம். படி வேண்டாம், வயசானவர்களும் நடக்க முடியாதவர்களும் வருவார்கள், சரிவாகப் போடுங்கள் என்று கமிஷனர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பேட்டையே ரோஷப்பட்டுக்கொண்டு இறங்கியது. சிமெண்டுத் தரையா போடுவது, நாம் யார்? வெள்ளை டைல்ஸ். அதுவும் இரண்டு தடவை கிளேஸ் கொடுத்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி. நானும்தான் முக்கினேன். எங்களுக்கு எதையும் பளபளப்பை வைத்துத்தானே மதிக்கத் தெரியும்?

திறப்பு விழாவன்று காலையில் அதைக் கழுவி வேறு விட்டார்கள். முதலில் காலை வைத்த கவுன்சிலர், மாலையும் கையுமாக, உட்கார்ந்த வாக்கில் சர்ரென்று வழுக்கி நேராக உங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு சாக்கை விரித்து விழாவை முடித்தார்கள். மறுநாள் சூளை மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் பேத்துத் திருப்பிப் போடுங்கய்யா" என்றார். இப்போது டைல்ஸ் எல்லாம் குப்புறக் கிடக்கின்றன. கோடு கோடாகச் சொரசொரப்பாக இருக்கும் அடிப்பக்கம் மேலே. கால் நன்றாகப் பிடிக்கிறது.

அதன்பிறகு வருகிறார்கள் பாருங்கள், அப்படி ஒரு கூட்டம். டியூஷன் போகிற பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் நிழலுக்கு வருகிறார்கள். புதுசாய்க் கல்யாணமான ஒரு ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டது, அந்தப் பெண் உங்கள் மேல் சாய்ந்து நின்றாள். "தள்ளி நில்லும்மா, சுடும்" என்றேன். சுடும் என்பது நிஜம்தான். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். வேவு பார்க்கத்தான். உங்கம்மா செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு, சரிவில் பார்த்துப் பார்த்து இறங்கி, முதல் தடவையாக முன்பக்கம் வந்தார். வந்து நின்று, எல்லாப் பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதுல எதும்மா அவன்?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. என்னால் பெயரைச் சொல்ல முடியாது. கையைப் பிடித்துத்தான் வைக்க வேண்டும். பிடித்தேன். ஒரு நொடி, பக்கத்துப் பெயரில் வைத்துவிடலாமா என்று தோன்றியது. இவருக்கா தெரியப்போகிறது? இந்த எழுத்தின் மேல் இதுவரை என் விரல்தான் அதிகம் பட்டிருக்கிறது. என் விரலே பட்டுக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். ஆனால் கை தானாக உங்களிடம்தான் போயிற்று.

வெயில் நேராக உங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டதும் உங்கம்மா பதறிப்போனார்.

"ஐயோ, இப்படிச் சுடுதே. ஜொரம் அடிக்கிற மாதிரி இருக்குதே எம் புள்ளைக்கு."

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். முந்தானையை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து, உங்கள் பெயரின் மேல் பற்றுப் போடுகிற மாதிரி வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

இத்தனை வருஷமாகத் தினமும் தொட்டிருக்கிறேன். தினமும் சுட்டது. வெயிலில் பீங்கான் சுடும் என்று கையை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளாவது எனக்கு அது தோன்றியதா? தோன்றவில்லையே. எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பொறாமை வந்தது. அந்த ஈரத்துணியைப் பிடுங்கி நான் வைக்க வேண்டும் போல இருந்தது.

அவருக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ. "செத்த நேரம் நீ புடி. எனக்குக் கை கடுக்குது" என்று முந்தானை நுனியை என் கையில் கொடுத்தார். அவர் தோளில் இருந்த புடவையின் நுனியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். நகர முடியாமல் இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

இனிமேல் வெள்ளிக்கிழமை அத்தைக்கு. மற்ற நாளெல்லாம் டிபன் டப்பாவோடு ஈரத்துணியும் கொண்டு வருவேன், இது சத்தியம். பொறாமை போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது என்னோடுதான் இருக்கும், நீங்கள் எனக்கு விட்டுப்போனதில் அதுவும் ஒன்று.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்
விஜயா