ஐஸ் பெட்டி

செந்தூல்
14 ஆகஸ்ட் 1989, திங்கள்

காலையில் ஆய்வகத்துக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தால் ஆன்டிபாடி குப்பியைக் காணோம். பக்கத்தில் இருந்த சாதாரண ஃப்ரிட்ஜில், உறையாமல் தண்ணீராக நின்றது. சனிக்கிழமை மதியத்திலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது.

"ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னேன்ல, புஷ்பா?"

"இல்லக்கா, ஐஸ் பொட்டில வைன்னுதான் சொன்னீங்க. வெச்சேன் லா."

புஷ்பா என்னோடு வேலை செய்பவள், கிள்ளான்காரி. அவள் மேல் எரிந்து விழுந்தேன். அந்த ஆன்டிபாடியைக் கொடுத்த முயல் செத்துவிட்டது. வேறு முயலுக்கு ஊசி போட்டாலும் அதன் ரத்தத்தில் இதே கலவை வராது. என் ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு குப்பியில்தான்.

அவள் குப்பியை எடுத்துப் போனாள். அதிலிருந்தே ஒரு சொட்டு எடுத்து, செல்களில் விட்டுச் சோதித்தாள். சாயங்காலம், "அக்கா, வந்து பாருங்க," என்றாள். நுண்ணோக்கியில் குனிந்தேன். ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் பச்சை வளையம். நான் தேடும் ஏற்பிப் புரதங்களில் ஆன்டிபாடி ஒட்டி, அவை எப்போதும்போல் ஒளிர்ந்தன. ஆன்டிபாடி கெடவே இல்லை! நாளைக்கே அதைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறைய வைத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒரு பசி. "மீன் கறி ஐஸ் பொட்டில இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். யோசிக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்க்கதவைத்தான் திறந்தேன். மேலே ஃப்ரீசர் இருப்பது ஞாபகத்துக்கே வரவில்லை. எனக்கும் ஐஸ் பொட்டி என்றால் ஃப்ரிட்ஜ்தான். கையில் சட்டியோடு நின்று சிரித்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

புஷ்பாவிடம் சொன்னால் வருஷம் முழுக்கக் கேலி செய்வாள். சொல்லத்தான் வேண்டும்.