காற்றோட்டமாகப் பெண் பார்த்தல்

ஆகஸ்ட் 31, 2020, திங்கள்

காலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆன்லைன் வகுப்பு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, போனில் தெரியும் நாற்பது கறுப்புக் கட்டங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். “புரியுதா?” என்று கேட்டதற்கு ஒரு சேவல் மட்டும் பதில் சொன்னது. யார் வீட்டுச் சேவலோ, அதற்கு வருகைப் பதிவு போட்டிருக்கலாம்.

கீழே இறங்கினால் அம்மா ஏக உற்சாகத்தில் இருந்தாள். நாளையிலிருந்து மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டாமாம். மார்ச்சில் நின்றுபோன மாப்பிள்ளை வேட்டையை மறுபடி தொடங்கலாம். எனக்கு முப்பது முடிந்துவிட்டது. கொரோனாவை விட அம்மாவுக்கு அந்த எண்தான் பயம்.

ஆனால் ஒருத்தரையும் வீட்டுக்குள் விடமாட்டாளாம். “வந்தவுக தும்மிட்டுப் போயிருவாக. மறுநாளு நம்ம தெருமுக்குல தகரத்த வச்சு அடைச்சிருவாக. எல்லாம் வெளியில காத்தோட்டமாப் பாத்துக்கிருவோம்.” இதில் பாதிதான் உண்மை. போன வருஷம் மூன்று குடும்பம் வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாமென்று போனதை எங்கள் பழனிசெட்டிபட்டியே கணக்கு வைத்திருக்கிறது. அணைக்கட்டில் வைத்து வேண்டாமென்றால் மீனுக்கு மட்டும்தான் தெரியும்.

இடம் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு அப்பாவுக்கு. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ‘ஓட்டுநரிடம் பேசாதீர்’ என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறவர். “சரி” என்று சொல்லிவிட்டு ஆம்னி வேனைக் கழுவப் போனார்.

ஜோசியரைக் கேட்டார்கள். தரகர் சீனிச்சாமியைக் கேட்டார்கள். கம்பத்து மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

வைகை அணை. பூங்கா பூட்டிக் கிடந்தது. வெளியே ரோட்டோரப் புளியமரத்தடியில் நாங்கள் மூன்று பேர், எதிரே அவர்கள் நான்கு பேர், நடுவே ஆறடி. அம்மா குச்சியால் மண்ணில் கோடு கிழித்திருந்தாள். பார்த்தால் கபடி ஆட வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

பலகாரம் கிடையாது. ஆளுக்கொரு சீல் உடைக்காத பிஸ்கட் பாக்கெட்டைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். நான் காலில் விழ வேண்டிய கட்டமும் வந்தது. ஆறடி தள்ளி விழுந்தேன், அவர்கள் ஆறடி தள்ளி ஆசீர்வாதம் செய்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா, “மூஞ்சியப் பாக்கணும்ல?” என்றாள். அம்மா என்னை இன்னும் நாலடி பின்னால் போகச் சொல்லி மாஸ்க்கைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன், சிரித்தேன், மாட்டினேன். அணையின் மேல் கொக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, திங்கள்

பதில் வந்துவிட்டது. “மாஸ்க்கோட பொண்ணு நல்லா இருந்துச்சு” என்றார்களாம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். அப்பாவுக்குத் தெரிந்தவருடையது. கம்பத்துக்கு இத்தனை தடவை போயிருக்கிறேன், பந்தலுக்கு அடியில் நின்றதில்லை. தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாகக் கொத்து, இலைச் சந்தில் வெயில், தூரத்தில் மலை. இப்படி ஓர் இடத்தில் எனக்குப் பிடித்தவனோடு நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் மாப்பிள்ளை வந்தார்.

மாஸ்க், அதற்கு மேலே கண்ணாடித் தடுப்பு, கையுறை, இடுப்பில் ஸ்ப்ரே பாட்டில். பூத்தட்டின் மேல் அடித்தார், வெற்றிலையில் அடித்தார், தோட்டக்காரர் ஆசையாய் நீட்டிய திராட்சைக் கொத்திலும் அடித்தார். என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, “உங்களுக்கு அடிக்கடி சளி பிடிக்குமா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பந்தலுக்கு அடித்திருந்த மருந்து நெடி மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் பந்தலைத் தாண்டி ரோட்டில் நின்றார்.

வேனில் அம்மா அழாத குறை. “ஒம்பது பொருத்தம்டி! ஒத்தத் தும்மல அடக்க முடியல ஒனக்கு!” இரண்டு தும்மல் என்று நான் திருத்தியிருக்கக் கூடாது.

அக்டோபர் 4, ஞாயிறு

புரட்டாசி. பெண் பார்க்க மாட்டார்கள். வாழ்க புரட்டாசி.

நவம்பர் 1, ஞாயிறு

பத்துக்குப் பத்துப் பொருத்தம். அம்மா தரையில் நடக்கவில்லை.

பெயர் பாண்டியராஜன். பெரியகுளம்காரர், சென்னைக் கம்பெனி, இப்போது ஊரில் இருந்தபடியே லேப்டாப்பில் வேலை. போட்டோ வரவில்லை, நேரிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். முதலில் ஆம்பளை போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவர வேண்டுமென்பது முறை. அப்பா நேற்றுத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “எப்படி இருக்காக?” என்று அம்மா கேட்டதற்கு, “காப்பி நல்லா இருந்துச்சு” என்றார். அம்மாவுக்கு அது போதும்.

சாயங்காலம் பாண்டியராஜனே போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். கல்யாணத்துக்கு அப்புறம் நான் காலேஜுக்குப் போக வேண்டாமாம், அவர் அம்மா வீட்டில் ஒத்தையில் இருக்கிறார்களாம். “நீங்க வீட்ல இருந்துதான வேலை பாக்குறீங்க, துணைக்கு நீங்க இருக்கீங்களே?” என்றேன். “நான் வேலையில இருப்பேனேங்க” என்றார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

அம்மாவிடம் சொன்னேன். “இப்ப சரின்னு சொல்லிவையி. கல்யாணம் ஆனதுக்குப் பெறகு பாத்துக்கலாம். வர்ற இருவத்திரெண்டாந்தேதி பாக்க வாராக, அன்னைக்கே பூவும் வச்சிருவாகளாம்.” மாப்பிள்ளையின் அம்மா தலையில் பூ வைத்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி. பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! எதைப் பார்ப்பது? அவர்கள் வீட்டுச் சுவரையா?

நவம்பர் 8, ஞாயிறு

தேவதானப்பட்டி தாண்டி மஞ்சளாறு அணை. நல்ல இடமா, கூட்டம் வராதா என்று பார்த்துவர நானும் அப்பாவும் மட்டும் போனோம். தரகர் சீனிச்சாமி சொன்ன இடம். மழைக்குப் பிறகு கொடைக்கானல் மலை கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. தண்ணீரில் மேகம். ஈ காக்கை இல்லை.

பிளாஸ்க்கிலிருந்து அப்பா டீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, உடைந்துவிட்டேன். “எனக்கு இது வேணாம்ப்பா. எட்டு வருசமாப் படிச்சு, ஒவ்வொரு பரீட்சையா எழுதி வாங்குன வேலைப்பா. அந்தப் பிள்ளைக ஸ்கிரீன மூடிக்கிட்டாலும் எனக்கு அதுகள விட்டா ஒண்ணுமில்ல. யாராச்சும் என்னய ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று அழுதேன்.

அப்பா பிளாஸ்க்கைத் திருகி மூடினார். “மழ வரும்போல, கெளம்புவமா” என்றார்.

ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவாரு? பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம வந்தவனக்கூடத் திரும்பிப் பாப்பாரே. நான் என்ன, ஸ்டெப்னி டயரா? எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு

பொறுமையாக எழுத வேண்டும். சிரிப்பு வேறு வருகிறது.

நல்ல நேரம் பத்தரைக்கு. முன்னின்று நடத்த வேண்டிய சீனிச்சாமிக்கு முந்தாநாள் கொரோனா உறுதியாகி, வார்டில் படுத்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ‘கூட்டம் வராத’ மஞ்சளாறு அணையில் ஆறேழு வண்டிகள் நின்றன. அணைக்கரை நெடுகிலும் பட்டுச்சேலையும் வேட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்த நாள், காற்றோட்டம், ஆளில்லாத இடம். இந்த மூன்றும் அம்மாவுக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை போல.

“எதுங்க நம்ம ஆளுக?” என்றாள் அம்மா. அப்பா ஒரு சுற்றுப் பார்த்தார். “அந்தா, அந்த வேப்பமரத்தடியில இருக்காக, வாங்க” என்று முன்னால் நடந்தார்.

மரத்தடியில் ஐந்து பேர், ஐந்து மாஸ்க். மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். அவர் அம்மாவுக்கு மாஸ்க்கின் மூச்சில் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. ஆறடி தள்ளி நின்று பேசினோம். யாருக்கு வந்தது, யார் பிழைத்தார்கள், எந்த டாக்டர், கபசுரக் குடிநீரில் மிளகு போடலாமா. இந்த வருஷம் யாரும் யாரையும் வேறு எதுவும் கேட்பதில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. காற்று வேறு பேச்சைப் பாதியாகத் தூக்கிக்கொண்டு போனது.

“நேரம் போகப் போகுது” என்று யாரோ சொல்ல, அந்தம்மா ஆறடியைத் தாண்டி வந்து, என் கன்னத்தைத் தடவி, தலையில் மல்லிகையை வைத்துவிட்டார். நல்ல கை, மெதுவான கை. முடிந்தது, போ என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா மாப்பிள்ளையிடம், “சென்னையில எந்த ஏரியாவுல தம்பி வீடு பாத்திருக்கீக?” என்று கேட்டாள்.

“சென்னையா? நான் சின்னமனூர்ல வாழைக்காய் மண்டி வச்சிருக்கேங்க.”

“பாண்டியராஜன்தான நீங்க?”

“வேல்பாண்டிங்க. நீங்க வத்தலக்குண்டு நதியா வீட்டாளுகதான?”

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. டயர் பஞ்சராகித் தாமதமாகிப்போன வத்தலக்குண்டுக்காரர்கள். சீனிச்சாமி இரண்டு ஜோடிக்கும் ஒரே இடம், ஒரே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார், தான் நின்று பிரித்துவிடலாமென்ற நம்பிக்கையில். என் தலையில் பூவைப் பார்த்ததும் நதியாவின் அம்மா போட்ட சத்தத்தில் கொடைக்கானலே விழித்திருக்கும். “எம் மகளுக்கு வாங்குன பூவ எவ தலையில வச்சீக?” “வச்ச பூவ எடுக்கக் கூடாதுங்க, ஆகாது!” “ஏலே, தள்ளி நின்னு பேசு, மாஸ்க்க ஏத்து மொதல்ல!” வாழ்நாளில் இப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. அவ்வளவு வசவுக்கும் ஒருத்தரும் ஆறடியை மீறவில்லை.

அதற்குள் அணைப்படிப் பக்கமிருந்து பெரியகுளத்துக்காரர்கள், அதாவது எங்களைப் பார்க்க வந்த அசல் ஆட்கள், வந்து சேர்ந்தார்கள். பாண்டியராஜனின் அம்மா என் தலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தன் கையிலிருந்த பூப்பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் அம்மா அப்பாவைத் தாளித்தாள். “நீங்கதான வீட்டுக்குப் போயி உக்காந்து காப்பி குடிச்சுட்டு வந்தீக? ஆளு அடையாளந் தெரியாதா?” அப்பா கியரை மாற்றினார். “மாஸ்க் போட்டா எல்லாரும் ஒரே மாதிரி இருக்காக” என்றார்.

நவம்பர் 23, திங்கள்

பெரியகுளத்திலிருந்து போன். ஒருத்தர் பூ வைத்த பெண் அவர்களுக்கு வேண்டாமாம்.

அம்மா படுத்துவிட்டாள், காலையிலிருந்து சாப்பிடவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை அமுக்கிவிட்டேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதற்கு மாஸ்க் இருந்தால் தேவலை என்றிருந்தது.

டிசம்பர் 7, திங்கள்

கல்லூரி திறந்தாயிற்று, கடைசி வருஷத்துக்கு மட்டும். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் பிள்ளைகளின் முகம். முகமென்றால் கண். “புரியுதா?” என்றேன். முப்பது பேர் “இல்ல மேம்” என்றார்கள். கண் கலங்கிவிட்டது எனக்கு.

நதியாவுக்கும் வேல்பாண்டிக்கும் தையில் கல்யாணமாம். பூ புதிதாக வாங்குவார்கள்.

ஜனவரி 22, 2021, வெள்ளி

சாயங்காலம் கல்லூரி விட்டு வரும் வழியில், பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாண்டியராஜனின் அத்தை, மூக்கம்மாள். அன்று அணைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர்.

“ஏத்தா, கோவிச்சுக்கிராத, கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஒங்கப்பாரு ஏன் அப்பிடிப் பண்ணுனாரு? நாங்க படியில உக்காந்து பணியாரந் தின்னுக்கிட்டிருந்தோம். ஒருத்தரு மூஞ்சியிலயும் மாஸ்க் இல்ல. எங்களப் பாத்துக் கையத் தூக்கிக் காட்டுனாரு. இந்தா வாராகன்னு நாங்க வாயத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா, நீங்க அங்கிட்டு மரத்தடிக்குப் போறீக!”

அவருடைய பஸ் வந்துவிட்டது. என் பஸ்ஸும் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததிலாவது ஏறினேனா என்று நினைவில்லை, எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

வாசலில் அப்பா வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன கேட்பது? எப்படிக் கேட்பது? உள்ளே அம்மா.

“அப்பா, இன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல பாண்டியராஜனோட அத்தையப் பாத்தேன்” என்றேன்.

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. “ம். இப்பவாச்சும் மாஸ்க் போட்டிருந்தாகளா?” என்றார்.

ஜனவரி 24, ஞாயிறு

சீனிச்சாமி தேறி வந்துவிட்டார். வந்ததும் போடியிலிருந்து ஒரு ஜாதகம். அம்மா காலையிலேயே ஆரம்பித்தாள். “இந்தத் தடவ குரங்கணிப் பக்கம் வச்சுக்கிருவோமா? அங்கன கூட்டம் இருக்காதுல்ல?”

அப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். “எங்க போறதுங்கிறத அப்புறம் பாப்பம். போகணுமான்னு மொதல்ல அதுகிட்டக் கேளு.”

அம்மா அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் என் பக்கம் திரும்பினாள். பெற்று வளர்த்தவளுக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்க வெட்கமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது.

“நீ என்னடி சொல்ற?”

இந்தக் கேள்விக்கு எத்தனை பதில் ராத்திரி ராத்திரியாகப் படுத்துக்கொண்டு தயார் செய்திருக்கிறேன். காரமாக, கிண்டலாக, அழுகையோடு, அழுகை இல்லாமல்.

“யோசிச்சுச் சொல்றேம்மா” என்றேன்.

அம்மா தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். எத்தனை நாள் வேணும் என்று கேட்டாள். அதையும் என்னிடம்தான் கேட்டாள்.